மகளின் சீனியர் வருடம்: யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்

2024 ஜூனில் என் மகள் கலிபோர்னியாவில் ஹை ஸ்கூல் முடித்தாள். அந்தக் கடைசி வருடத்தை நான் ஏறக்குறைய ஒற்றை ஆளாகத்தான் ஓட்டினேன். மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டதால் கணவர் கோவையில் இருந்தார். எங்களுக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பங்களில் எல்லாம் சின்னப் பிள்ளைகள். இதையெல்லாம் ஏற்கெனவே பார்த்தவர் என்று போய்க் கேட்க ஒருவரும் இல்லை. நான் படித்த காலத்தில் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் வரும், தெருவுக்கு ஸ்வீட் கொடுப்பார்கள், அதோடு சரி. இங்கே ஆகஸ்டில் பள்ளி திறந்ததிலிருந்து ஜூன் வரை ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் ஒரு படிவம், ஒரு கட்டணம், ஒரு கடைசித் தேதி. யாரும் நம்மை உட்காரவைத்து எல்லாவற்றையும் மொத்தமாகச் சொல்வதில்லை. அடுத்த வருடம் உங்கள் வீட்டில் ஒரு சீனியர் (ஹை ஸ்கூல் கடைசி வருடப் பிள்ளை) இருந்தால் இதைப் படித்துவையுங்கள். கொஞ்சம் பணம் மிஞ்சும், மன உளைச்சலும் குறையும்.

கிராஜுவேஷன் என்கிற பள்ளி நிறைவு விழா எனக்கு ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2024-இல் முடித்த பிள்ளைகள் 2020 மார்ச்சில் எட்டாம் வகுப்பில் இருந்தார்கள். பள்ளியை மூடினார்கள், அப்படியே வருடம் முடிந்துபோனது. எட்டாவது முடித்த பிள்ளைகளுக்கு நடக்க வேண்டிய விழாவுக்குப் பதிலாக, காரில் வரிசையாகப் போய் ஜன்னல் வழியாக ஒரு உறையை வாங்கிக்கொண்டு வந்தோம். ஹை ஸ்கூலின் முதல் வருடத்தில் பெரும்பகுதி அவளுடைய படுக்கையறை மேசையில் லேப்டாப் முன்னால் கழிந்தது. அதனால் இந்த முறை எதுவும் குறைவாக நடக்கக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன்.

முதல் செலவு இலையுதிர் காலத்திலேயே வந்துவிட்டது. விழாவுக்கான தொப்பியும் அங்கியும் (கேப், கவுன்) விற்கும் கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கே வந்து பிள்ளைகள் கையில் ஒரு கேட்லாக் கொடுத்தார்கள். ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் கவுன், தொப்பி, டாஸ்ஸல் (தொப்பியில் தொங்கும் குஞ்சம்), அச்சடித்த அழைப்பிதழ், சாவிக்கொத்து, டி-ஷர்ட், நினைவுப் புத்தகம் என்று எல்லாம் சேர்த்து 260 டாலர். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு விலை ஏறும் என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. நானும் கட்டிவிட்டேன். விழாவுக்குத் தேவைப்பட்டது கவுன், தொப்பி, டாஸ்ஸல் மூன்றும்தான். மீதிப் பொருட்கள் பெட்டியிலேயே கிடக்கின்றன. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக் கட்டணம் பற்றிய மாநிலச் சட்டத்தின்படி (கல்விச் சட்டம், பிரிவு 49011), அரசுப் பள்ளி நடத்தும் கல்வி சார்ந்த நிகழ்ச்சிகளில் பங்கேற்பதற்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. கவுன் கட்டாயம் என்று பள்ளி சொன்னால், பிள்ளைக்கு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டியது பள்ளியின் பொறுப்பு. கேட்லாக்கில் இது இருக்காது. அலுவலகத்தில் போய்க் கேட்டால் சொல்வார்கள். போன வருடம் முடித்த பிள்ளைகளிடமிருந்து திரும்ப வந்த கவுன்களை அடுக்கிவைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அதே சமயத்தில் வந்த இன்னொரு படிவம் டிப்ளமாவில் (பள்ளி முடித்ததற்கான சான்றிதழில்) பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பது. நம் வீட்டுப் பெயர்கள் இங்கே படும் பாடு உங்களுக்கே தெரியும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருப்போம், பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பள்ளிப் பதிவில் இன்னொன்று. அந்தப் படிவத்தைப் பிள்ளை போனிலேயே ஓரிரு நிமிடத்தில் நிரப்பி அனுப்பிவிடும், நமக்குக் காட்டவே காட்டாது. செப்டம்பரில் இருந்தே அதைக் கேட்டுக்கொண்டே இருங்கள், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சேர்ந்து நிரப்புங்கள். அச்சான பிறகு மாற்றுவதென்றால் தனிக் கட்டணம், பல வாரக் காத்திருப்பு.

என் அம்மா திருமங்கலத்தில் இருக்கிறார். பேத்தி மேடையேறுவதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. 2023 ஆகஸ்டில் விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்து 185 டாலர் கட்டினோம். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் காட்டிய நேர்காணல் தேதிகள் எல்லாம் கிராஜுவேஷனுக்குப் பிறகு. முன்கூட்டிய தேதி ஏதாவது காலியாகிறதா என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்தக் கட்டணம் திரும்ப வராது, கட்டிய ஓராண்டுக்குள் நேர்காணலுக்குப் பதிவு செய்யாவிட்டால் காலாவதியாகிவிடும். ஊரிலிருந்து யாரையாவது இந்த விழாவுக்கு அழைக்க நினைத்தால், பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே விசா வேலையை ஆரம்பித்துவிடுங்கள். ஏற்கெனவே விசா எடுத்துப் பழகிய தாத்தா பாட்டிகளுக்குக்கூட முடியும் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. "சரி விடு, நான் டிவியில பாத்துக்கறேன்" என்று அம்மா சொன்ன குரல் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அப்புறம் தமிழ். என் மகள் சின்ன வயதிலிருந்து வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு டிப்ளமாவில் ‘சீல் ஆஃப் பைலிட்டரசி’ என்று ஒரு பொன்னிற முத்திரை ஒட்டித் தருவார்கள். இதை முதலில் சட்டமாக்கியது கலிபோர்னியாதான், 2011-இல். இப்போது மற்ற மாநிலங்களிலும் பரவிவிட்டது. எங்கள் பள்ளி கவுன்சிலரிடம் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்) கேட்டபோது, ஸ்பானிஷ், பிரெஞ்ச், சைனீஸ் போன்று பள்ளியில் கற்பிக்கும் மொழிகளுக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அன்று அழுகையே வந்தது. சனி, ஞாயிறு தூக்கத்தை விட்டுவிட்டு அந்தப் பிள்ளை எத்தனை வருடம் படித்திருக்கிறாள்! பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மொழிப் பாடங்களைக் கவனிப்பவருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். பள்ளியில் கற்பிக்காத மொழியாக இருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட தேர்வு எழுதினால் போதும் என்று அவரிடமிருந்து பதில் வந்தது. தமிழில் எழுதுவதையும் பேசுவதையும் கணினி வழியாகச் சோதிக்கும் தேர்வு இருக்கிறது. கட்டணம் நாங்கள்தான் கட்டினோம். பேச்சில் அவளுக்குப் பிரச்சினை இல்லை, தமிழில் தட்டச்சு செய்வதற்குத்தான் பழக வேண்டியிருந்தது. தேர்வை டிசம்பர், ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள். முடிவு வந்து, கவுன்சிலர் பட்டியலில் ஏற்றி, டிப்ளமா அச்சுக்குப் போவதற்கு நேரம் வேண்டும். கவுன்சிலர் ‘இல்லை’ என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். தமிழுக்கு யாரும் அதுவரை கேட்டதில்லை என்பதால் அவருக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

மார்ச்சில் காலேஜ் முடிவுகள் வர ஆரம்பித்தன. அவள் ஆசைப்பட்ட யூசி (கலிபோர்னியாப் பல்கலைக்கழக) வளாகங்கள் எதுவும் கிடைக்கவில்லை. வெளிமாநிலத்தில் கிடைத்த ஒரு இடத்துக்கு எங்கள் வசதி போதாது. அந்த வருடம் மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சா வழக்கம்போல் அக்டோபரில் திறக்காமல் டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற கடிதங்களும் எல்லாருக்கும் தள்ளிப்போயின. யூசி, கால் ஸ்டேட் (மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பு) இரண்டுமே, சேர்வதாக உறுதி சொல்ல வேண்டிய வழக்கமான மே 1 கெடுவை மே 15 வரை நீட்டித்தன. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு அவளே ஒரு ராத்திரி வந்து, "அம்மா, நான் கம்யூனிட்டி காலேஜ் போறேன், ரெண்டு வருஷம் கழிச்சு டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கறேன்" என்றாள். இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளக்கூடிய உள்ளூர் அரசுக் கல்லூரிதான் கம்யூனிட்டி காலேஜ். அவளுடைய முகத்தில் தெளிவு இருந்தது. எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. அவளுக்காக இல்லை, நாலு பேரிடம் எப்படிச் சொல்வது என்று. அந்த எண்ணம் எனக்குள் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

நான் பயந்ததும் நடந்தது. எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் அந்த வருடம் முடிக்கும் பிள்ளைகளை எல்லாம் வாழ்த்தி ஒரு படத் தொகுப்பு போடுவதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு பிள்ளையின் படத்துக்குக் கீழே போகப்போகும் காலேஜின் சின்னம். தொகுத்துக்கொண்டிருந்த பெண் போன் செய்து கேட்டார். நான் சொன்னதும் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "அக்கா, டிரான்ஸ்ஃபர் ஆனதுக்கு அப்புறம் போட்டுக்கலாமா? உங்களுக்கும் சங்கடமா இருக்கும்ல?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எனக்காகப் பேசுவதாகத்தான் நினைத்தார். போனை வைத்துவிட்டுக் கார் நிறுத்தும் கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்குள் அழுதால் அவளுக்குக் கேட்கும். மறுநாள் காலையில் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: படத்தைப் போடுங்கள், காலேஜ் சின்னம் வேண்டாம், "நான்கு வருடம் பள்ளி நாடக மேடைக்கு விளக்கமைத்தவர், தமிழில் பைலிட்டரசி முத்திரை பெற்றவர்" என்று எழுதுங்கள். அப்படியே போட்டார். அதைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு அம்மாக்களும் தங்கள் பிள்ளைகளின் படத்துக்குக் கீழே காலேஜ் சின்னத்துக்குப் பதிலாக இப்படி ஒரு வரி கேட்டு வாங்கினார்கள்.

கம்யூனிட்டி காலேஜ் பற்றி நம்மவர்களிடம் இருக்கும் தயக்கம் தெரிந்ததுதான். அதனால் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். கலிபோர்னியாவில் இங்கே வசிப்பவர்களுக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான் கட்டணம். முதன்முறையாக முழுநேரம் படிக்கச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருடக் கட்டணத்தையும் பல காலேஜ்கள் தள்ளுபடி செய்துவிடுகின்றன. ‘டேக்’ (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி) என்று சுருக்கமாகச் சொல்லும் திட்டத்தில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள், குறித்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டினால் டிரான்ஸ்ஃபர் இடத்துக்கு உத்தரவாதமே தருகின்றன. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம், செப்டம்பர் மாதம் முழுவதும் அதற்கான விண்ணப்பம் திறந்திருக்கும். பிள்ளை இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் தலைகுனிய ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்தது. அவள் எங்கே போகிறாள் என்பதை அல்ல, இந்த நான்கு வருடத்தில் என்ன செய்தாள் என்பதைத்தான் கொண்டாடப் போகிறோம். பார்ட்டிக்காக ஜனவரியிலேயே ஒரு மண்டபத்தைப் பேசி 400 டாலர் முன்பணம் கொடுத்திருந்தேன், அம்மா வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில். அம்மா வர முடியாது என்று முடிவானதும், எங்கள் சின்னக் கூட்டத்துக்கு நகராட்சிப் பூங்காவே போதும் என்று தோன்றியது. மண்டபக்காரர் முன்பணத்தில் ஒரு டாலர்கூடத் திருப்பித் தரவில்லை. தேதி மாற்றினாலாவது தருகிறீர்களா என்று கெஞ்சினேன், ஒப்பந்தத்தைக் காட்டினார். விசா, மண்டபம், பேக்கேஜில் வீணான பொருட்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 800 டாலர் போனது. ஒரே சம்பளத்தில் இரண்டு வீட்டுச் செலவு ஓடிக்கொண்டிருந்த வருடத்தில் அது எனக்குப் பெரிய தொகை. பூங்காவின் நிழற்கூரைகளை ஜூன் வார இறுதிகளுக்கு மார்ச்சிலேயே பிடித்துவிடுகிறார்கள், முன்பதிவு திறக்கும் நாளை நகராட்சி இணையதளத்தில் பார்த்துவையுங்கள். இன்னொன்று, ஒரே சனிக்கிழமையில் ஊரில் உள்ள எல்லா சீனியர் வீட்டிலும் பார்ட்டி இருக்கும், பிள்ளையின் நண்பர்கள் அரை மணி நேரம்தான் தலைகாட்டுவார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து நடத்தினால் செலவும் குறையும், பிள்ளைகளும் ஒரே இடத்தில் நிம்மதியாக இருப்பார்கள். மே முதல் இரண்டு வாரங்களில் ஏபி தேர்வுகள் (பள்ளியிலேயே படிக்கும் காலேஜ் தரப் பாடங்களுக்கான தேர்வுகள்) நடக்கும், அந்தப் பக்கமே எதையும் வைக்காதீர்கள்.

பூங்காவில் ஒரு நீள மேசையில் அவளுடைய நான்கு வருடத்தை விரித்துவைத்தோம். அதில் எல்லாரும் நின்று பார்த்தது ஒரு தடித்த கோப்பு. நாடகத்தின் முழு வசனமும் ஒரு பக்கம், எதிர்ப்பக்கத்தில் அவளுடைய பென்சில் குறிப்புகள்: எந்தச் சொல் முடியும்போது எந்த விளக்கு எரிய வேண்டும், எத்தனை நொடியில் மங்க வேண்டும் என்று. அழித்து அழித்து எழுதியதில் சில இடங்களில் தாள் கிழிந்து, செலோ டேப் ஒட்டியிருந்தது. விளக்குகளுக்கு முன்னால் செருகும் நிறத் தாள்களின் துண்டுகளை அவள் சேர்த்துவைத்திருந்தாள். ஊதா, அம்பர், வெளிர்நீலம். ஒரு மாமா அவற்றை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே அவளிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எந்தக் காலேஜ் என்று அவர் கேட்கவே இல்லை. என் மகள் அவ்வளவு நேரம் ஒரு பெரியவரிடம் பேசி நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்ட்டி வைத்தாலும் வைக்காவிட்டாலும் இப்படி ஒரு மேசை வையுங்கள். மெடலும் சர்டிஃபிகேட்டும் மட்டும் வேண்டாம், பிள்ளையின் கை பட்டுப் பழுத்த பொருட்களை வையுங்கள். தேய்ந்த ஓட்டக் காலணி, வேலை பார்த்த கடையின் ஏப்ரன், எதுவாகவும் இருக்கலாம். எதை வைப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும்.

விழாவுக்கு முன் ஒரு அட்டை வரும், மேடையில் பெயரை வாசிப்பவருக்காக உச்சரிப்பை எழுதித் தர. என் மகளின் பெயரில் ழகரம் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பழகியவள், "பரவால்லம்மா, விடு" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளுடைய குரலிலேயே பெயரைப் பதிவு செய்து, மெதுவாக ஒரு முறை, சாதாரணமாக ஒரு முறை, துணை முதல்வருக்கு அனுப்பினோம். ஒத்திகை நாளில் அவள் நேராகப் போய் அவருக்குச் சொல்லிக் காட்டினாள். அவர் நின்று நிதானமாகப் பழகிக்கொண்டாராம். அட்டையில் எழுதுவது மட்டும் போதாது, குரல் பதிவு அனுப்புங்கள். அவர்களுக்கும் அது உதவிதான்.

விழா நாள் பற்றிச் சில விஷயங்கள். ஒரு பிள்ளைக்கு இத்தனை டிக்கெட் என்று கணக்கு உண்டு. எனக்கு மிச்சம் இருந்தது, பெரிய குடும்பம் உள்ள அவளுடைய தோழிக்குக் கொடுத்தோம். உங்களுக்குக் கூடுதலாக வேண்டுமென்றால் முன்பே கேட்டுவையுங்கள். ஸ்டேடியத்தில் நிழல் கிடையாது, கைப்பை உள்ளே ஒளிவில்லாமல் தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்க வேண்டும், தண்ணீர் பற்றிய விதியையும் படித்துவிட்டுப் போங்கள். பிள்ளை மேடையின் எந்தப் பக்கம் இறங்கி வரும் என்று ஒத்திகை முடிந்து வந்ததும் கேட்டு, அந்தப் பக்கம் உட்காருங்கள். கவுனுக்கு மேல் போடும் கார்ட் (கழுத்துக் கயிறு), ஸ்டோல் (தோள்பட்டி) எவை அனுமதி என்று பள்ளி பட்டியல் கொடுக்கும். கலிபோர்னியாவில் சமயம் அல்லது பண்பாடு சார்ந்த அடையாளத்தை அணிந்துகொள்ளும் உரிமையைச் சட்டமே மாணவர்களுக்குத் தருகிறது. ஆனால் ஆசிரியரிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டால் வாசலில் தகராறு இருக்காது.

இங்கே பிள்ளைகளின் கழுத்தில் டாலர் நோட்டுகளை மடித்துக் கட்டிய மாலை போடுவார்கள். கடையில் வாங்காமல் நானே கட்டினேன். ஒவ்வொரு ஒரு டாலர் நோட்டையும் விசிறியாக மடித்து, நடுவில் ரிப்பனால் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "மல்லிப்பூ கட்டுற மாதிரி ரெண்டு சுத்து சுத்தி உள்ள விட்டு இழுடி" என்றார். நின்றது. பின்னிரவு வரை அவர் அங்கிருந்து சொல்லச் சொல்ல நான் இங்கே கட்டினேன். விழாவுக்கு வர முடியாதவர்களுக்கு இப்படி ஒரு வேலை கொடுங்கள். வெறுமனே பார்ப்பதைவிட அது அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

மாலை 6 மணிக்கு விழா. ஊரில் அப்போது மறுநாள் காலை 6:30. பள்ளியின் நேரலை இணைப்பை முந்தைய நாளே அனுப்பி, திறக்கிறதா என்று சோதித்துவைத்திருந்தோம். திருமங்கலத்தில் அம்மா, கோவையில் மாமியாரின் கட்டில் பக்கத்தில் கணவர். பெயர் சரியாக, ழகரம் உட்பட, மைதானம் முழுக்க ஒலித்தது. நான் எழுந்து நின்று கத்தினேன். பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு குடும்பம் என்னோடு சேர்ந்து கை தட்டியது. கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் டாஸ்ஸலை வலமிருந்து இடமாக மாற்றிப் போட்டார்கள். அவள் என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கையசைத்தாள். வருடம் முழுக்கச் சேர்ந்திருந்த பாரம் அந்த நொடியில் இறங்கியது.

விழா முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. மேடையில் கொடுப்பது பெரும்பாலும் வெறும் அட்டைதான், டிப்ளமாவைப் பிறகு அலுவலகத்தில் வாங்க வேண்டும். பாக்கி நூலகப் புத்தகம், லேப்டாப் எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று மே மாதமே பாருங்கள். இறுதி மதிப்பெண் பட்டியலைச் சேரப்போகும் காலேஜுக்கு அனுப்பச் சொல்லி பிள்ளைதான் விண்ணப்பிக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகிவிட்டால் டாக்டர் நம்மிடம் பிள்ளையைப் பற்றிப் பேச பிள்ளையின் கையெழுத்து வேண்டும், அந்தப் படிவத்தைக் கோடையிலேயே வாங்கிவையுங்கள். மகனாக இருந்தால் பதினெட்டு முடிந்த 30 நாளுக்குள் செலக்டிவ் சர்வீஸில் (ராணுவத்துக்கு ஆள் தேவைப்பட்டால் அழைப்பதற்கான அரசுப் பட்டியல்) பதிவு செய்ய வேண்டும், கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கும் இது உண்டு.

எல்லாவற்றையும்விட அவசரமானது பள்ளி கொடுத்த கூகுள் கணக்கு. முடித்த சில வாரங்களில் அதை மூடிவிடுவார்கள். என் மகளின் விளக்கு வரைபடங்கள், கட்டுரைகள், ஆசிரியர்கள் எழுதிய மின்னஞ்சல்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஜூலையில் மூடுவதாக அறிவிப்பு வந்தது, அதுவும் அந்தப் பள்ளி மின்னஞ்சலுக்கே. அவள் தற்செயலாகப் பார்த்ததால் எல்லாவற்றையும் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டாள். கணக்கு திறந்திருக்கும்போதே நாடக ஆசிரியருக்கு ஒரு நன்றிக் கடிதமும் எழுதி அனுப்பினாள். அவர் அன்று ராத்திரியே பதில் போட்டார்: இலையுதிர் கால நாடகத்துக்குப் புதுப் பிள்ளைகளுக்கு லைட் போர்டு சொல்லிக்கொடுக்க வர முடியுமா என்று கேட்டு. கம்யூனிட்டி காலேஜ் பள்ளியிலிருந்து பத்து நிமிடத் தூரம்தான், செவ்வாய்க்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறாள்.